ரொட்டியா, விடுதலையா? புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநரின் கதை

கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் நடுவே, மலைகள் சூழ்ந்த சிற்றூர் பரங்கிட்டாஸ். 1916ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அத்தீவின் மாபெரும் தலைவரான லூயிஸ் முன்யோஸ் ரிவேராவின் உடல் அந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. வழிநெடுக மக்கள் திரண்டு நின்று அழுதனர். அந்த இறுதி ஊர்வலத்தில் அவருடைய ஒரே மகனும் சென்றார். அப்போது அவருக்கு வயது 18.

64 ஆண்டுகள் கழித்து, 1980இல், அதே ஊருக்கு இன்னோர் இறுதி ஊர்வலம் வந்தது. இம்முறை பெட்டியில் இருந்தவர் அந்த மகன். தந்தைக்கு அழுதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சாலையோரம் நின்றனர்.

லூயிஸ் முன்யோஸ் மரின். ஐந்நூறு ஆண்டு அந்நிய ஆட்சியின் வரலாற்றில், புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் தங்கள் வாக்கால் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர். பட்டினி கிடந்த தீவைத் தலைநிமிரச் செய்தவர் என்று ஒரு சாரார் இன்றும் அவரைப் போற்றுகின்றனர். விடுதலையை விற்றுவிட்டவர் என்று இன்னொரு சாரார் இன்றும் அவரைத் தூற்றுகின்றனர். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதே அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கத் தூண்டுகிறது.

இரு கொடிகளுக்கு நடுவே பிறந்தவர்

புவேர்ட்டோ ரிக்கோ பரப்பளவில் நமது கெடா மாநிலத்தைவிடச் சற்றே சிறியது. நான்கு நூற்றாண்டுகள் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. 1897இல், முன்யோஸ் ரிவேரா உள்ளிட்ட தலைவர்களின் விடாமுயற்சியால், தீவுக்குத் தன்னாட்சி வழங்க ஸ்பெயின் இணங்கியது.

1898 பிப்ரவரி 18ஆம் தேதி, தலைநகர் சான் ஹுவானில் முன்யோஸ் மரின் பிறந்தார். அதற்கு மூன்று நாள்களுக்கு முன்புதான், கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியிருந்தது. அந்த வெடிப்பு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே போரை மூட்டியது. ஜூலை 25ஆம் தேதி அமெரிக்கப் படைகள் தீவின் தென்கரையில் உள்ள குவானிக்காவில் தரையிறங்கின. அவ்வாண்டு இறுதியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, தீவு அமெரிக்காவின் கைக்கு மாறியது. தந்தை பாடுபட்டுப் பெற்ற தன்னாட்சி சில மாதங்கள்கூட முழுமையாக நீடிக்கவில்லை.

அதன் பின்னர் தீவின் ஆளுநரை அமெரிக்க அதிபரே நியமித்தார். வந்தவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தீவைப் பற்றிய அறிவும் மிகக் குறைவு. 1917இல் ஜோன்ஸ் சட்டம் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை அளித்தது. ஆனால் தங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அதில் இல்லை.

கவிஞராக வாழ விரும்பியவர்

1911 முதல் 1916 வரை தந்தை முன்யோஸ் ரிவேரா வாஷிங்டனில் தீவின் பேராளராக இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அப்படிப்பட்ட பதவி அது. மகன் அங்கே படித்தார், சட்டக் கல்வியும் தொடங்கினார். தந்தை மறைந்ததும் படிப்பைக் கைவிட்டார்.

அரசியல்வாதியாகும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. நியூயார்க்கில் எழுத்தாளர்கள், ஓவியர்கள் வட்டத்தில் கலந்தார். கவிதை எழுதினார். ஆங்கில இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். ஸ்பானியம், ஆங்கிலம் என இரு மொழிகளிலும் அவருடைய பேனா தடையின்றி ஓடியது. 1919இல் அமெரிக்கப் பெண் கவிஞரான முனா லீயை மணந்தார். இரு பிள்ளைகள் பிறந்தனர். வருமானம் நிலையாக இல்லை.

உழவனின் வளைந்த முதுகைப் பாடிய அமெரிக்கக் கவிஞர் எட்வின் மார்க்கத்தின் புகழ்பெற்ற கவிதையை அவர் ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தார். அந்த முதுகை அவர் தம் தீவிலும் கண்டிருந்தார். 1920இல் தீவுக்கு வந்தபோது, தந்தையின் பழைய நண்பர்கள் அதிரும் வகையில், தொழிலாளர்களின் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். சில காலம் தீவு, சில காலம் நியூயார்க் என்று அலைந்த அவர், 1931இல்தான் நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். தந்தை தொடங்கிய லா டெமோக்ராசியா நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

கரும்பு இனித்தது, வாழ்க்கை கசந்தது

அவர் திரும்பி வந்த தீவு வறுமையில் மூழ்கிக் கிடந்தது. நல்ல விளைநிலங்களில் பெரும்பகுதி கரும்புத் தோட்டங்களாக மாறியிருந்தது. அவற்றில் பெரியவை அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருந்தன. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள்தான் கரும்பு வெட்டும் வேலை. மீதி மாதங்களைச் செத்த காலம் என்றே மக்கள் அழைத்தனர். அந்த மாதங்களில் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவதே அரிது.

நிலமற்றவர்கள் முதலாளியின் நிலத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தனர். முதலாளிக்குப் பிடிக்காத கட்சிக்கு வாக்களித்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். 1928இலும் 1932இலும் வீசிய கொடும் புயல்கள் காப்பித் தோட்டங்களையும் சாய்த்தன. சான் ஹுவான் நகரின் சேற்றுநிலத்தில் மரக்கம்புகளின் மேல் குடிசைகள் பெருகின. 1940இல்கூடத் தீவில் பிறந்த ஒருவரின் சராசரி ஆயுள் சுமார் 46 ஆண்டுகள்தான்.

1932இல் லிபரல் கட்சியின் சார்பில் முன்யோஸ் மரின் தீவின் செனட் சபைக்குத் தேர்வானார். அந்தக் கட்சியின் குறிக்கோள் விடுதலை. அவருடைய கொள்கையும் அப்போது அதுவே. அதே வேளையில் வாஷிங்டனில் தமக்கிருந்த தொடர்புகளைப் பயன்படுத்தி, அதிபர் ரூஸ்வெல்ட்டின் புத்தாக்கத் திட்ட நிதியைத் தீவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். 1934இல் அதிபரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் தீவுக்கு வந்து, சேற்றுக் குடிசைகளை நேரில் பார்த்தார்.

ஒரு கொலையும் ஒரு மசோதாவும்

1936 பிப்ரவரியில் தீவின் காவல்துறைத் தலைவரான அமெரிக்கர் பிரான்சிஸ் ரிக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள், ஹார்வர்டில் படித்த வழக்கறிஞர் பெட்ரோ அல்பிசு கம்போஸ் தலைமையிலான தேசியவாதக் கட்சியைச் சேர்ந்த இரு இளைஞர்கள். கைதான இருவரையும் விசாரணை ஏதுமின்றிக் காவல் நிலையத்திலேயே போலீசார் சுட்டுக் கொன்றனர்.

ரிக்ஸின் கொலையைக் கண்டிக்க வேண்டும் என்று வாஷிங்டன் அதிகாரிகள் முன்யோஸ் மரினை வற்புறுத்தினர். இரு இளைஞர்களின் கொலையையும் சேர்த்துக் கண்டித்தால் மட்டுமே அது நியாயம் என்று அவர் மறுத்தார். அன்றோடு வாஷிங்டனின் கதவுகள் அவருக்கு மூடிக்கொண்டன.

அதே ஆண்டில் அமெரிக்க செனட்டர் மில்லார்ட் டைடிங்ஸ், தீவுக்கு விடுதலை வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். கேட்டது கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். முன்யோஸ் மரின் அதை எதிர்த்தார். விடுதலைக்குப் பின் தீவின் பொருள்கள்மீது அமெரிக்கா விதிக்கும் இறக்குமதி வரி, ஆண்டுதோறும் 25 விழுக்காடாக ஏறி நான்கே ஆண்டுகளில் முழுமை பெறும் என்று அந்த மசோதா கூறியது. சர்க்கரையை அமெரிக்காவுக்கு விற்றே பிழைத்த தீவுக்கு அது பட்டினிச் சாவு என்று அவர் கருதினார். விடுதலை வேண்டும், ஆனால் மக்களைப் பட்டினி போடும் விடுதலை வேண்டாம் என்ற இந்த எண்ணம்தான் பிற்காலத்தில் அவரை முற்றிலும் வேறு பாதைக்குக் கொண்டுசென்றது.

1937 மார்ச் 21ஆம் தேதி, போன்சே நகரில் தேசியவாதிகளின் ஊர்வலத்தின்மீது போலீசார் சுட்டதில் 19 பேர் உயிரிழந்தனர். அமெரிக்கா நியமித்த ஆளுநரின் ஆட்சியில் நடந்த அந்தக் கொடுமை தீவையே உலுக்கியது. அதே ஆண்டில் உட்கட்சிப் பூசலால் முன்யோஸ் மரின் லிபரல் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பதவி இல்லை, பணம் இல்லை, வாஷிங்டனில் செல்வாக்கும் இல்லை.

வாக்கை விற்காதீர்

1938இல், தந்தை பிறந்த பரங்கிட்டாஸில், மக்கள் ஜனநாயகக் கட்சியை அவர் பதிவு செய்தார். கட்சியின் சின்னம், வைக்கோல் தொப்பி அணிந்த மலைநாட்டு உழவனின் முகம். எழுத்தறியாதவரும் வாக்குச் சீட்டில் தம்மையே அடையாளம் கண்டுகொள்ளும் சின்னம் அது. முழக்கம் மூன்றே சொற்கள்: ரொட்டி, நிலம், விடுதலை.

அடுத்த ஈராண்டுகள் அவர் மலையும் பள்ளமுமாகத் தீவெங்கும் அலைந்தார். சாலை இல்லாத இடங்களுக்கு நடந்தே போனார். திண்ணையில் அமர்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, உழவர் பேசும் சொற்களிலேயே பேசினார். ஸ்பானியத்தில் வீட்டு முற்றத்தைக் குறிக்கும் எல் பாட்டே என்ற பெயரில் ஒரு சிறு இதழை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றியிருப்போர் கேட்டனர்.

அக்காலத்தில் தேர்தல் நாளன்று ஒரு வாக்கின் விலை இரண்டு டாலர். வயிற்றுக்கு இல்லாதவருக்கு அது பெரிய தொகை. முன்யோஸ் மரின் மக்களிடம் வைத்த கோரிக்கை ஒன்றுதான். இரண்டு டாலர் வேண்டுமா, நீதி வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டால் பிறகு நீதி கேட்க முடியாது என்பது அதன் சாரம். தம் கட்சியின் வேட்பாளர்கள் அனைவரையும் மக்கள் முன் நிறுத்தி, வென்றால் இன்னின்ன சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களிப்போம் என்று உறுதிமொழி எடுக்கவும் வைத்தார்.

இன்னொரு வாக்குறுதியும் அவர் அளித்தார். இந்தத் தேர்தலில் தம் கட்சிக்கு விழும் வாக்குகள் விடுதலைக்கு ஆதரவாகவோ எதிராகவோ கணக்கில் கொள்ளப்படா என்றார். முதலில் பசி, பிறகு மற்றவை. முழக்கத்தின் மூன்றாவது சொல் அன்றே வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

1940 தேர்தலில் செனட் சபையின் 19 இடங்களில் 10 இடங்களைக் கைப்பற்றி, ஒரே ஓர் இடப் பெரும்பான்மையில் அவர் கட்சி வென்றது. முன்யோஸ் மரின் செனட் சபைத் தலைவரானார்.

நிலம் கைமாறியது

ஒரு நிறுவனம் 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற விதி 1900ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக யாரும் அதை மதிக்கவில்லை. 1941இல் இயற்றப்பட்ட நிலச் சட்டம் அதற்கு உயிர் கொடுத்தது. சர்க்கரை நிறுவனங்களிடமிருந்து அரசாங்கம் நிலங்களை வாங்கியது. முதலாளியின் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடும்பங்களுக்குச் சிறு மனைகள் வழங்கப்பட்டன. இனி வாக்களித்ததற்காக எவரும் வீட்டை விட்டுத் துரத்தப்பட மாட்டார்கள் என்ற நிலை அப்போதுதான் உருவானது.

அப்போதைய ஆளுநர் ரெக்ஸ்போர்ட் டக்வெல், வாஷிங்டன் நியமித்தவரே என்றாலும், இந்தச் சீர்திருத்தங்களுக்குத் துணை நின்றார். மின்சாரமும் குடிநீரும் பொதுத்துறைக்கு வந்தன. 1944 தேர்தலில் கட்சி பெருவெற்றி பெற்றது.

வெற்றியோடு நெருக்கடியும் வந்தது. கட்சியினரில் கணிசமானோர் விடுதலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றனர். முன்யோஸ் மரினின் மனமோ எதிர்த்திசையில் நகர்ந்திருந்தது. அமெரிக்கச் சந்தையை இழந்தால், பெருகிவரும் மக்கள்தொகையைக் காப்பாற்ற வழியில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். 1946இல் விடுதலை ஆதரவாளர்கள் பிரிந்து, கில்பர்ட்டோ கொன்செப்சியோன் டி கிராசியா தலைமையில் தனிக் கட்சி தொடங்கினர். தோளோடு தோள் நின்ற பலர் அன்றோடு அவருக்கு எதிரிகளாயினர்.

முதல் வாக்கு

1946இல் அதிபர் ட்ரூமன், ஹெசூஸ் பின்யேரோவை ஆளுநராக நியமித்தார். அப்பதவிக்கு வந்த முதல் தீவுக்காரர் அவர். மறு ஆண்டு, ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1948 நவம்பர் 2ஆம் தேதி நடந்த தேர்தலில் முன்யோஸ் மரின் சுமார் 61 விழுக்காட்டு வாக்குகள் பெற்றார். 1949 ஜனவரி 2ஆம் தேதி பதவியேற்றார்.

ஸ்பானிய மன்னர்களின் ஆளுநர்கள் வாழ்ந்த லா போர்ட்டலேசா மாளிகைக்குள், கரும்பு வெட்டுவோரின் வாக்கால் ஒருவர் நுழைந்தது அதுவே முதல் முறை. அமெரிக்காவின் மற்றத் தீவுகளுக்கு இந்த உரிமை நெடுநாள் கழித்தே கிட்டியது. குவாமும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் 1970இல்தான் தங்கள் ஆளுநர்களைத் தேர்ந்தெடுத்தன. அமெரிக்க சமோவா 1977 வரை காத்திருந்தது.

பதவியேற்ற ஆண்டில் நடந்த மாற்றங்களில் ஒன்று தாய்மொழி தொடர்பானது. அரை நூற்றாண்டாக, ஸ்பானியம் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் முயற்சிகள் மாறி மாறி நடந்துவந்தன. ஆளுநரின் இரண்டாவது மனைவி இனேஸ் மென்டோசா ஓர் ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டதற்காக வேலை இழந்தவர். முனா லீயுடனான மணமுறிவுக்குப் பின் 1946இல் முன்யோஸ் மரின் அவரை மணந்திருந்தார். 1949இல் கல்வி ஆணையர் மரியானோ வில்யரோங்கா, பொதுப் பள்ளிகளின் பயிற்றுமொழி ஸ்பானியம் என்று அறிவித்தார். ஆங்கிலம் ஒரு பாடமாகத் தொடர்ந்தது. அந்த முடிவு இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கவிஞர் ஆட்சியில் சிறைப்பட்ட கவிஞர்

அவருடைய வாழ்க்கையின் இருண்ட பக்கமும் இதே ஆண்டுகளில்தான் எழுதப்பட்டது. 1948 ஜூனில், அவர் தலைமை வகித்த சட்டமன்றம் 53ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள் அதை வாய்ப்பூட்டுச் சட்டம் என்றனர். அரசாங்கத்தைக் கவிழ்க்கத் தூண்டும் பேச்சும் எழுத்தும் குற்றம் என்றது சட்டம். நடைமுறையில், வீட்டில் தீவின் கொடியை வைத்திருப்பதுகூட ஒருவருக்கு எதிரான சான்றாகியது.

1950 அக்டோபர் 30ஆம் தேதி தேசியவாதிகள் பல ஊர்களில் கிளர்ந்தெழுந்தனர். மலையூரான ஹயூயாவில் விடுதலைக் குடியரசு அறிவிக்கப்பட்டது. தேசியக் காவல்படை விமானங்களைக் கொண்டு அதை ஒடுக்கியது. அன்று நண்பகல் ஐந்து பேர் ஆளுநர் மாளிகையைத் தாக்கினர். முன்யோஸ் மரின் உள்ளேதான் இருந்தார். தாக்கியவர்களில் நால்வர் கொல்லப்பட்டனர். இரு நாள்கள் கழித்து வாஷிங்டனில் அதிபர் ட்ரூமனைக் கொல்லவும் முயற்சி நடந்தது.

தொடர்ந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் கைதாயினர். ஆயுதம் தொடாதவர்களும் அவர்களில் இருந்தனர். கவிஞர் பிரான்சிஸ்கோ மத்தோஸ் பவோலி, ஆற்றிய உரைகளுக்காகச் சிறை சென்றார். சிறையிலும் கவிதை எழுதிய அவர் பின்னர் மன்னிக்கப்பட்டு விடுதலையானார். இளமையில் கவிதையே வாழ்க்கை என்றிருந்தவரின் ஆட்சியில் ஒரு கவிஞர் பேச்சுக்காகச் சிறைப்பட்டதை முன்யோஸ் மரினின் நண்பர்களாலும் நியாயப்படுத்த முடியவில்லை. இரு இளைஞர்களின் கொலைக்கு நீதி கேட்டு 1936இல் தம் செல்வாக்கையே இழந்தவர் அவர் என்பதால் அந்த வீழ்ச்சி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சட்டம் 1957இல் நீக்கப்பட்டது.

சிறையில் நலிவுற்ற அல்பிசு கம்போஸை 1953இல் ஆளுநர் மன்னித்தார். 1954இல் தேசியவாதிகள் அமெரிக்க நாடாளுமன்றத்திற்குள் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் அந்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றார். பத்தாண்டுகள் கழித்து, 1964 நவம்பரில், ஆட்சியிலிருந்து விலகும் தறுவாயில் மீண்டும் மன்னிப்பு அளித்தார். அல்பிசு கம்போஸ் 1965 ஏப்ரலில் காலமானார்.

ஒரே தேதி, இரு பொருள்

1952 மார்ச்சில், தீவினரே எழுதிய அரசமைப்புச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஆதரித்தனர். வேலை, உணவு, மருத்துவம் ஆகியவற்றை உரிமைகளாக்கிய ஒரு பிரிவை அமெரிக்க நாடாளுமன்றம் நீக்கச் சொன்னது. அது நீக்கப்பட்டது.

1952 ஜூலை 25ஆம் தேதி, இணைந்த சுதந்திர அரசு என்ற புதிய பெயருடன் புதிய அமைப்பு நடப்புக்கு வந்தது. அமெரிக்கப் படை தரையிறங்கிய அதே தேதியை முன்யோஸ் மரின் தேர்ந்தெடுத்தார். படையெடுப்பின் நாளை மக்களின் நாளாக மாற்றுவது அவருடைய நோக்கம். சில ஆண்டுகளுக்கு முன் பலரைச் சிறைக்கு அனுப்பக் காரணமாயிருந்த அதே கொடியை, அன்று அவரே தம் கையால் ஏற்றினார்.

மறு ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவைக் காலனிகளின் பட்டியலிலிருந்து நீக்க ஒப்புக்கொண்டது. ஆயினும் தீவு மக்கள் அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாஷிங்டனில் அவர்களின் பேராளருக்கு, முன்யோஸ் ரிவேராவின் காலத்தைப் போலவே, அவையில் வாக்கு இல்லை. இக்குறை ஆளுநருக்கும் தெரிந்திருந்தது. 1959இல் தீவின் அதிகாரங்களை விரிவாக்கும் மசோதாவை அவர் முன்வைத்தார். அமெரிக்க நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

தொழிற்சாலைகளும் விமானச் சீட்டும்

நிலச் சீர்திருத்தம் மட்டும் பசியைப் போக்காது என்று உணர்ந்த முன்யோஸ் மரின், தொழில்மயத்தை நாடினார். தெயோதோரோ மோஸ்கோசோ என்ற இளம் மருந்தாளர் அத்திட்டத்தை நடத்தினார். வரிவிலக்கு பெற்ற அமெரிக்க நிறுவனங்கள் தீவில் தொழிற்சாலைகளைத் திறந்தன. 1956இல் உற்பத்தித் துறையின் வருமானம் விவசாயத்தை முந்தியது. பள்ளிகள், மருத்துவமனைகள், சாலைகள் வந்தன. 1960இல் சராசரி ஆயுள் சுமார் 69ஆக உயர்ந்தது. இருபதே ஆண்டுகளில் ஒரு தலைமுறைக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அவருடைய எதிரிகளும் மறுக்காத கணக்கு இது.

ஆனால் கரும்புத் தோட்டம் விட்டு வந்த அனைவருக்கும் தொழிற்சாலைகளில் இடமில்லை. 1950களில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் நியூயார்க்கின் நெரிசலான அடுக்ககங்களுக்குப் போயினர். அவர்களும் தீவிலேயே தங்கியிருந்தால் அந்த வளர்ச்சிக் கணக்கு இவ்வளவு அழகாக இருந்திருக்குமா என்று விமர்சகர்கள் கேட்டனர்.

பணம் மட்டும் பெருகினால் போதாது என்பதை ஆளுநரும் உணர்ந்திருந்தார். சிற்றூர்களில் திரைப்படங்கள், சுவரொட்டிகள், சிறு நூல்கள் வழியாக மக்களுக்குக் கல்வியளிக்கும் பிரிவு 1949இல் தொடங்கியது. 1955இல் புவேர்ட்டோ ரிக்கோ பண்பாட்டுக் கழகம் பிறந்தது. உலகப் புகழ்பெற்ற செல்லோ இசைக் கலைஞர் பாப்லோ கசால்ஸ் தம் தாயாரின் பிறந்த மண்ணான இத்தீவில் குடியேறினார். 1961இல் முன்யோஸ் மரினைச் சிறப்பிக்க வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடி அளித்த விருந்தில் கசால்ஸ் வாசித்தார்.

போதும் என்றவர்

1952, 1956, 1960 என அடுத்தடுத்த தேர்தல்களிலும் அவரே வென்றார். 1964இல் மாயகுவேஸ் நகரில் கட்சி மாநாடு கூடியது. மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அவர் அறிவித்ததும் கூட்டம் கொந்தளித்தது. இன்னும் நான்கு ஆண்டுகள் என்று ஆயிரக்கணக்கானோர் முழங்கினர், பலர் அழுதனர். ஒரே மனிதரை நம்பியிருக்கும் மக்களாட்சி முழுமையானதாகாது என்பது அவர் நிலைப்பாடு. முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 16 ஆண்டுகள் ஆண்ட மாளிகையை 1965 ஜனவரியில் ரோபர்ட்டோ சான்செஸ் வில்யேலாவிடம் ஒப்படைத்தார்.

1967இல் தீவின் நிலை குறித்து நடந்த வாக்கெடுப்பில், அவர் உருவாக்கிய அமைப்புக்கே 60 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஆனால் மறு ஆண்டே கட்சி பிளவுபட்டது. அமெரிக்காவின் முழு மாநிலமாக இணைய வேண்டும் என்ற லூயிஸ் ஃபெர்ரே ஆளுநரானார். முன்யோஸ் மரின் சில காலம் இத்தாலியில் வாழ்ந்துவிட்டு, 1972இல் திரும்பினார். இறுதி ஆண்டுகளில் தம் நினைவுகளை எழுதினார். 1980 ஏப்ரல் 30ஆம் தேதி, 82ஆம் வயதில், சான் ஹுவானில் காலமானார்.

இன்னும் முடியாத கேள்வி

இன்று புவேர்ட்டோ ரிக்கோவுக்கு விமானத்தில் செல்வோர் இறங்குவது அவர் பெயர் தாங்கிய அனைத்துலக விமான நிலையத்தில். நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் தங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்த உரிமையை அவர்கள் உயிராக மதிக்கின்றனர்.

ஆனால் 2016இல், கடனில் மூழ்கிய தீவின் வரவு செலவைக் கண்காணிக்க, அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிதி மேற்பார்வை வாரியத்தை அமைத்தது. அதன் உறுப்பினர்கள் தீவு மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரின் நிதித் திட்டத்தை நிராகரிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், தீவின் ஆட்சி அதிகாரத்தின் ஊற்று இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றமே என்று தீர்ப்பளித்தது.

பசித்தவனிடம் முதலில் ரொட்டியைக் கொடுப்பதா, விடுதலையைக் கொடுப்பதா என்ற கேள்விக்கு முன்யோஸ் மரின் தம் விடையைச் சொல்லிவிட்டுப் போனார். ரொட்டி வந்தது, நிலம் வந்தது, பிள்ளைகள் நீண்ட நாள் வாழ்ந்தனர். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான், முழக்கத்தின் மூன்றாவது சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்றும் வாக்குப் பெட்டியின் முன் நின்று விவாதித்துக்கொண்டிருக்கின்றனர்.

பரங்கிட்டாஸில் தந்தையும் மகனும் அருகருகே துயில்கின்றனர்.